படுக்கைப் புண்ணுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையான என் அம்மாவைக் கோவையில் ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தோம். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன், தம்பி துபாயில் இருக்கிறான். மாதம் 28,000 ரூபாய் கட்டினோம். பதினோராவது மாதம், காய்ச்சல் என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்தார்கள். போய்ப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே எலும்பு தெரியும் அளவுக்குப் புண். கிருமி இரத்தத்தில் பரவி அம்மா இறந்துவிட்டார். இல்லத்தில் கேட்டால், “சர்க்கரை நோயாளி, வயதும் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்” என்கிறார்கள். போலீஸில் புகார் கொடுப்பதா, வழக்குப் போடுவதா? (வாசகி, மதுரை)

பதில்: இரண்டுக்கும் முன்னால், அம்மா கடைசியாக இருந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழையும் வாரிசு என்பதற்கான சான்றையும் இணைத்து, முழு கேஸ் ஷீட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் உண்டு. இறப்புச் சுருக்கம் என்று இரண்டு பக்கத்தை நீட்டினால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது, அவசரச் சிகிச்சைப் பிரிவில் முதல் ஒரு மணி நேரத்தில் செவிலியர் எழுதிய குறிப்பு. புண் எங்கே இருந்தது, எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம், சீழ் இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். நோயாளி வரும்போதே புண் இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால் பழி தங்கள் தலையில் விழும் என்பது மருத்துவமனைக்குத் தெரியும். அதனால் இந்தக் குறிப்பை அவர்கள் கவனமாகவே எழுதுவார்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பு இந்தக் காகிதம்தான்.

அடுத்தது இல்லத்தின் பதிவேடுகள். புரட்டிப் படுக்க வைத்த அட்டவணை, சர்க்கரை அளவுக் குறிப்பு, உணவுப் பதிவு, இரவுப் பணியாளர் பட்டியல், கண்காணிப்புக் கேமரா பதிவு எல்லாவற்றையும் குறிப்பிட்டு, டெலிவரி ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் கேளுங்கள். கேமரா பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும் என்பதால் அதை அழிக்கக் கூடாது என்று தனி வரியாகவே எழுதுங்கள். தராவிட்டாலும் நஷ்டமில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் உண்டு.

தானாக அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது செவிலியர் பணியின் பால பாடம். அட்டவணை கைக்கு வந்ததும் நள்ளிரவு, இரண்டு மணி, நான்கு மணிக் கட்டங்களைப் பாருங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, மாதம் முழுக்க ஒரே கையெழுத்து என்றால், ஒரே ஆள் மாதம் முழுக்க இரவுப் பணி பார்த்தாரா என்ற கேள்வி எழும். அம்மாவை ஸ்கேனுக்கு வெளியே கொண்டுபோன நாள் இருந்தால் அந்தத் தேதியைத் தேடுங்கள். ஆள் இல்லாத கட்டிலிலும் புரட்டியதாக டிக் விழுந்திருந்தால் அதற்கு மேல் குறுக்கு விசாரணை தேவைப்படாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படுக்கைப் புண் வந்தாலே கவனக்குறைவு என்று சட்டம் சொல்லவில்லை. சர்க்கரை நோயும் ஊட்டச்சத்துக் குறைவும் உள்ள முதியவர்களுக்கு எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் புண் வரலாம். அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் காட்டும் கவனத்தை இவர்கள் காட்டினார்களா என்பதே கேள்வி. ஆனால் எலும்பு தெரியும் புண் ஒரே இரவில் வருவதில்லை. முதலில் தோல் சிவக்கும், அழுத்தினாலும் வெளுக்காது, பிறகு தோல் உரியும், பிறகுதான் குழியும். இந்தப் படிகளில் யாராவது பார்த்தார்களா? மருத்துவரை அழைத்தார்களா? காற்று மெத்தை போட்டார்களா? உங்களுக்குச் சொன்னார்களா? சர்க்கரை நோய் என்ற வாதமும் அவர்களுக்கு எதிராகவே திரும்பும். சேர்க்கும்போதே அது தெரியும் என்றால் கூடுதல் கவனம் எடுத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே? “அம்மா நன்றாக இருக்கிறார்” என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். அவற்றைச் சாட்சியமாக்கப் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

கையெழுத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். பராமரிப்பில் உள்ள இயல்பான ஆபத்துகளை அறிந்தேன் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். கவனக்குறைவுக்கு அது முன்கூட்டியே கொடுத்த மன்னிப்பு ஆகாது. எது நடந்தாலும் பொறுப்பில்லை என்ற ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைக் கேள்வி கேட்கவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

வழக்குக்கு ஏற்ற இடம் நுகர்வோர் ஆணையம்தான். பணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. (வழக்கறிஞர்களான எங்கள் மீது நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று 2024-இல் அதே நீதிமன்றம் சொன்னதில் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. மருத்துவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.) கட்டணம் வாங்கிய பராமரிப்பு இல்லத்துக்கும் இதே சட்டம் பொருந்தும். இறந்தவரின் வாரிசு வழக்குத் தொடரலாம். கோவைக்கு அலையவும் வேண்டாம். மனுதாரர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யப் புதிய சட்டம் இடம் தருகிறது, எனவே மதுரை மாவட்ட ஆணையமே போதும். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, நீங்கள் கட்டிய தொகையை வைத்துத்தான். பதினோரு மாதத்துக்கு 3,08,000 ரூபாய். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நிபுணரின் கருத்து ஒவ்வொரு வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். இருந்தாலும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் கருத்தையோ மூத்த செவிலியரின் கருத்தையோ வாங்கி வைப்பது நல்லது. தொகையைப் பொறுத்தவரை, 2013-இல் குணால் சாஹா வழக்கில் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் கிடைத்ததை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் இறந்தவர் சாஹாவின் இளம் வயது மனைவி, இறந்தது 1998-இல். முதியவர் வழக்குகளில் இழப்பீடு அந்த உயரத்துக்குப் போகாது. சிகிச்சைச் செலவு, பட்ட வேதனை, மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள்.

போலீஸ் புகாரை நான் இரண்டாவதாகவே வைப்பேன். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் குற்றம். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு. ஆனால் குற்ற வழக்கில் சாதாரணத் தவறு போதாது, மிக மோசமான அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டும். மருத்துவர் மீது என்றால், வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெறாமல் மேலே போகக்கூடாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வரம்பு கட்டியிருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்யாமல் தகனம் செய்திருந்தால் வழக்கு இன்னும் பலவீனப்படும்.

கோட்டாட்சியரின் முதியோர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்வார்கள். அது பிள்ளைகளிடமும் உறவினரிடமும் ஜீவனாம்சம் கேட்பதற்கு, இதற்கல்ல. இல்லத்துக்கு வந்துபோன மருத்துவர் மீது குறை இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். நடவடிக்கை எடுப்பார்கள், இழப்பீடு தரமாட்டார்கள். இல்லம் தன் விளம்பரத்தில் செவிலியர் பராமரிப்பு என்று போட்டிருந்ததா? அப்படியானால் மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்திருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கோவை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

வழக்கறிஞர் கட்டணம் கவலையாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு, தொலைபேசி எண் 15100. தம்பியும் வாரிசு என்பதால் அவரையும் மனுதாரராகச் சேருங்கள். உங்களுக்கு அதிகாரம் தரும் ஆவணத்தை அவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும்.

வழக்கறிஞர் நோட்டீஸ் போனதும் இல்லத்திலிருந்து போன் வரக்கூடும். முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பணம். ஆனால் ரசீதில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, முன்பணம் மட்டும் பெற்றேன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மனுவில் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.