வாசகர் கேள்வி–பதில்: துணைக்கோளின் கடிகாரம் பிசகினால்?

கேள்வி: அணுக் கடிகாரம் 30 இலட்சம் ஆண்டுக்கு ஒரு வினாடிதான் பிசகுமாம். பிறகு ஏன் இடம் காட்டும் துணைக்கோளுக்குத் தினமும் தரையிலிருந்து திருத்தம் அனுப்புகிறார்கள்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நீங்கள் சொல்வது ஐரோப்பாவின் இடம் காட்டும் துணைக்கோளான கலிலியோவின் ஹைட்ரஜன் மேசருக்கான (ஹைட்ரஜன் அணுவை வைத்து ஓடும் கடிகாரம்) கணக்கு. 12 மணி நேரத்தில் அது சுமார் 0.45 நானோவினாடி (வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோவினாடி) விலகும். அதே துணைக்கோளில் இருக்கும் ருபிடியம் கடிகாரம் 1.8 நானோவினாடி. சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்தே கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது; ஒரு நானோவினாடியில் ஒளி 30 சென்டிமீட்டர் ஓடிவிடுவதால், அந்தத் தூரக் கணக்கில் ருபிடியத்தின் பிழை அரை மீட்டரைத் தாண்டும்.

கடிகாரம் சரியாக இருப்பது வேறு, சீராக இருப்பது வேறு. தினமும் தவறாமல் 2 நிமிடம் முந்தும் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஃபெரியைப் பிடித்துவிடலாம். இன்று முந்தி நாளை பிந்துவதை நம்பிக் கிளம்ப முடியாது. துணைக்கோளுக்கு வேண்டியது இந்தச் சீர்மைதான். எவ்வளவு விலகியிருக்கிறது, எந்த வேகத்தில் விலகுகிறது, அந்த வேகம் எப்படி மாறுகிறது என்ற மூன்று எண்களைத் தரை நிலையம் கணித்து, நாளுக்கு ஒரு முறையாவது மேலே அனுப்பும். துணைக்கோள் அவற்றைச் சிக்னலோடு ஒலிபரப்ப, உங்கள் கைப்பேசி கழித்துக்கொள்ளும். பெரும்பாலும் கடிகாரத்தை யாரும் தொடுவதே இல்லை.

உயரமும் வேகமும் கடிகாரத்தின் ஓட்டத்தை மாற்றும் என்று ஐன்ஸ்டைன் சொன்ன விலகல் இதைவிட மிகப் பெரியது: மேலே கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோவினாடி (38,000 நானோவினாடி) முந்தும், தூரத்தில் அதாவது 11 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அது முன்கூட்டியே தெரிந்தது. அதனால் ஜிபிஎஸ் கடிகாரத்தின் அதிர்வெண்ணை 10.23 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 10.22999999543-இல் வைத்தே ஏவுகிறார்கள்.

கேள்வி: ருபிடியம் கடிகாரம் எதனால் தடுமாறுகிறது? (வாசகி, செந்தூல்)

பதில்: உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும். ருபிடியம் விளக்கின் ஒளி, ருபிடியம்-87 ஆவி அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியைக் கடந்து ஒளி உணரியில் விழுகிறது. கடிகாரத்தின் துடிப்பைத் தரும் குவார்ட்ஸ் படிகத்திலிருந்து பெருக்கி எடுத்த மைக்ரோஅலை, அணுவின் அதிர்வெண்ணான சுமார் 6834.68 மெகாஹெர்ட்ஸோடு ஒத்துப்போகும் கணத்தில் ஆவி கூடுதல் ஒளியை விழுங்கும். உணரியில் வெளிச்சம் ஒரு துளி மங்கும். அந்த மங்கலை விடாமல் தேடிக் குவார்ட்ஸை அதன்மேல் பிடித்து வைப்பதுதான் முழு வேலையும்.

ஆக, எது அந்த மங்கலின் இடத்தை நகர்த்துகிறதோ அதுவே எதிரி. விளக்கின் பிரகாசம் மாறினால் அணுவின் அதிர்வெண் சற்று நகரும். குப்பியில் ஆவியோடு அடைத்திருக்கும் மந்த வாயுவும் வெப்பம் ஏறி இறங்கினால் அதை நகர்த்தும். துணைக்கோள் பூமியின் நிழலுக்குள் போய்வரும் வாரங்களில் வெப்பக் கட்டுப்பாட்டுக்குக் கடும் சோதனை. இவை போக, ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் மூப்பும் உண்டு. சீராக நகரும்வரை அதைச் சமாளித்துவிடலாம். திடீரென்று தாவினால்தான் ஆபத்து.

அதனால் ஒரே கடிகாரத்தை நம்பி எந்தத் துணைக்கோளையும் அனுப்புவதில்லை. கலிலியோவில் இரண்டு மேசர், இரண்டு ருபிடியம். அப்படியும் இந்தியாவின் இடம் காட்டும் துணைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-வில் 2017 தொடக்கத்திற்குள் மூன்று ருபிடியம் கடிகாரங்களும் நின்றுபோயின. துணைக்கோள் உயிரோடுதான் இருந்தது, இடம் காட்டத்தான் முடியவில்லை. 2023 மே 29-இல் ஏவப்பட்ட இந்தியாவின் அடுத்த தலைமுறைத் துணைக்கோள் என்விஎஸ்-01-இல் இந்தியாவிலேயே உருவாக்கிய ருபிடியம் கடிகாரம் மேலே போனது, இந்தத் துறையைக் கவனிப்பவர்களுக்கு உண்மையிலேயே பெரிய செய்தி.

கேள்வி: கேஎல்சிசி பக்கம் கிராப் ஓட்டும்போது வரைபடத்தில் என் இடத்தைக் காட்டும் புள்ளி அடுத்த சாலைக்குத் தாவுகிறது. துணைக்கோள் கடிகாரக் கோளாறா? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: இல்லை. உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்களில் மோதித் திரும்பும் சிக்னல் தாமதமாக வருவதால், கைப்பேசி தூரத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறது. எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையும் வாங்கும் கைப்பேசியில் இந்தத் தாவல் குறையும். வெட்டவெளியிலும், சூரியன் மறைந்து சில மணி நேரத்துக்குப் புள்ளி ஆடினால், அதற்குக் காரணம் நாம் பூமத்திய ரேகை அருகே இருப்பது: இங்கே மேலேயுள்ள அயனி மண்டலம் (சிக்னல் கடந்துவரும், மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) அந்த நேரத்தில்தான் அதிகம் கலங்கும்.