வீடியோ வராதவரை நல்லவர்

கேள்வி: மைதானத்தில் ஆடுவதைப் பார்க்கத்தானே டிக்கெட் வாங்குகிறோம்? ஒரு வீரர் வெளியே எப்படி இருந்தால் நமக்கென்ன? இருபது வருடம் உழைத்து மேலே வந்தவரை ஒரே வாரத்தில் கீழே தள்ளிவிடுகிறீர்களே, பத்திரிகைக்காரர்களுக்கு மனசாட்சியே கிடையாதா?

பதில்: தள்ளியது நாங்கள்தான் என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்த அணி நிர்வாகங்களும், போட்டிகளை நடத்தும் லீக் அமைப்புகளும் உங்கள் கண்ணில் படவே இல்லையா?

ரே ரைஸ் என்று ஒருவர். அமெரிக்கக் கால்பந்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் நட்சத்திரம், 2013இல் சூப்பர் பவுல் என்ற சாம்பியன் பட்ட இறுதி ஆட்டத்தை வென்ற அணியில் ஆடியவர். 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியின் லிஃப்ட்டுக்குள், தனக்கு நிச்சயமான பெண்ணை அடித்து மயங்கி விழ வைத்தார். நினைவில்லாமல் கிடந்தவரை லிஃப்ட்டிலிருந்து அவர் இழுத்துக்கொண்டு வரும் காட்சி சில நாட்களிலேயே வெளியாகிவிட்டது. போலீஸ் வழக்கும் இருந்தது. யாருக்கும் எதுவும் மறைவாக இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? மே மாதம் அணியே ஒரு பத்திரிகையாளர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தது. அதற்குள் இருவருக்கும் திருமணம் ஆகியிருந்தது. மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த இரவு நடந்ததில் தனக்கிருந்த பங்குக்கு மனைவியும் வருந்துகிறார் என்று அணியின் ட்விட்டர் கணக்கு செய்தி போட்டது. அடி வாங்கியவர் வருத்தம் தெரிவிக்கிறார்! ஜூலையில் லீக் தண்டனையை அறிவித்தது: இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. கஞ்சா சோதனையில் திரும்பத் திரும்பச் சிக்கிய இன்னொரு வீரருக்கு அதே லீக் அதே கோடையில் ஒரு வருடத் தடை கொடுத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 8ஆம் தேதி லிஃப்ட்டுக்குள்ளே எடுத்த வீடியோ வெளிவந்தது. இந்த முறை குத்து விழுவதை ஊரே பார்த்தது. அன்றைக்கே அணி அவரை நீக்கியது, லீக் காலவரையற்ற தடை போட்டது. நவம்பரில் அந்தத் தடையை விசாரித்த முன்னாள் நீதிபதி, ரைஸ் லீக்கிடம் எதையும் மறைக்கவில்லை, ஒரே தப்புக்கு இரண்டு முறை தண்டிக்கவும் முடியாது என்று சொல்லி அதை ரத்து செய்தார். பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் அவர் செய்த காரியம் மாறவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. லீக் தண்டித்தது எதை என்று நீங்களே சொல்லுங்கள்.

தடை நீங்கியும் எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒழுக்கம் பார்த்துத்தான் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முந்தைய சீசனிலேயே அவருடைய ஆட்டம் இறங்கியிருந்தது. அதே 2014இல் நாலு வயது மகனைக் குச்சியால் விளாசியதற்காக வழக்கில் சிக்கிய அதே லீக்கின் வீரர் ஏட்ரியன் பீட்டர்சன், அடுத்த வருடமே திரும்பி வந்து லீக்கிலேயே பந்தோடு அதிக தூரம் ஓடினார். அவர் கால்களில் இன்னும் சரக்கு இருந்தது. பாலியல் வன்முறை வழக்கில் 1992இல் தண்டனை பெற்ற மைக் டைசன் 1995இல் சிறையிலிருந்து வெளியே வந்தபோதும், சில மாதங்களிலேயே கோடிக்கணக்கான டாலரோடு குத்துச்சண்டை மேடை காத்திருந்தது. விழுந்தவரைத் தூக்கிவிடுவதா வேண்டாமா என்பதைக் கணக்குப்பிள்ளைதான் முடிவு செய்கிறார்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2009இல் மாட்டிக்கொண்டது திருமணத்துக்கு வெளியே வைத்திருந்த உறவுகளுக்காக. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் இடையிலான விவகாரம். எத்தனை பெண்கள் என்று வாராவாரம் எண்ணிக்கொண்டிருந்தது வெறும் எட்டிப் பார்க்கும் புத்தி. அவருக்கு ஸ்பான்சராக இருந்த அக்சென்ச்சரும் ஏடி அண்ட் டியும் அவரைக் கைவிட்டன, நைக்கி கூடவே இருந்தது. கம்பெனிகளின் வியாபாரம் அது, செய்துகொள்ளட்டும். ஆனால் இதையும், தென்னாப்பிரிக்க ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் காதலியைச் சுட்டுக் கொன்றதையும் ‘வெளியே எப்படி இருந்தால் நமக்கென்ன’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டுகிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்தவர் உடம்பில் காயம் பட்ட பிறகு அது யாருடைய தனிப்பட்ட வாழ்க்கை?

வாழ்நாள் முழுக்க ஒதுக்கி வைக்கவும் நான் சொல்லவில்லை. நாய்ச் சண்டை நடத்தியதற்காக 2007இல் சிறைக்குப் போன அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் தண்டனையை முடித்துவிட்டு 2009இல் ஆட வந்தார். வரட்டும், அனுபவித்தாகிவிட்டது. அவரை மன்னிக்க மனமில்லாதவர்கள் டிவியை அணைத்துக்கொள்ளலாம், அதுவும் அவர்கள் உரிமை.

பத்திரிகைகளைத் திட்ட உங்களுக்கு நல்ல காரணம் வேண்டுமென்றால் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் வழக்கைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் பிரிஸ்டலில் நடந்த தெருச்சண்டையால் ஆஷஸ் தொடரில் ஆடும் வாய்ப்பையே இழந்தார். 2018 ஆகஸ்டில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். சண்டை போட்டது போட்டதுதான். கிரிக்கெட் ஒழுங்குக் குழு தனியாக அபராதமும் விதித்தது. ஆனால் தீர்ப்புக்கு முன்பே குற்றவாளி என்று எழுத யாருக்கும் உரிமை கிடையாது. கைதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, விடுதலையை உள்பக்கத்து மூலையில் ஒதுக்கும் பத்திரிகை எதையாவது கண்டால் பெயரோடு எழுதி அனுப்புங்கள். எங்கள் பத்திரிகையாகவே இருந்தாலும் சரி, பிரசுரிக்கிறேன்.