வழுவழுப்பு இருக்கும்வரை கழுவி முடியவில்லை

(கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே காஸ்டிக் சோடாவை, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சுற்றித்தான்.)

டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் செறிவை அளக்கும் சோதனை) செய்யும்போது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விரலில் வழிந்துவிட்டது. வலிக்கவே இல்லை, சோப்பு போட்டது போல வழுவழுவென்று இருந்தது. துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் விரல் நுனி சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. அமிலம்தானே ஆபத்து? காரம்கூடவா இப்படிச் செய்யும்? – முதலாமாண்டு மாணவி

செய்யும் அம்மா. பல நேரம் அமிலத்தைவிட மோசமாகவே செய்யும்.

உங்கள் விரலில் இருந்த அந்த வழுவழுப்பு பாட்டிலிலிருந்து வந்ததில்லை. தோலில் இருக்கும் கொழுப்பும் காரமும் சேர்ந்து அங்கேயே சோப்பாகிக்கொண்டிருந்தது. சோப்புத் தொழிற்சாலையில் நடக்கும் அதே வினைதான், உங்கள் விரல் நுனியில் நடந்தது. அதனால் கை வழுவழுவென்று இருக்கிறது என்றால் காரம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

செறிந்த அமிலம் பட்டால் சுரீர் என்று எரியும், நாம் குழாயைத் தேடி ஓடுவோம். அமிலம் தோலின் புரதத்தை உறைய வைப்பதால் மேலே ஒரு பொருக்குத் தட்டி, அதுவே உள்ளே போவதைக் கொஞ்சம் தடுக்கும். காரத்தில் இந்தத் தடுப்பு கிடையாது. கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, வழி செய்துகொண்டு ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும். வலி தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் ஒரு சோதனையைச் செய்து காட்டுவேன். 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு கம்பளி நூலையும் ஒரு பருத்தி நூலையும் போட்டுச் சூடாக்குவேன். எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்பார்கள். கம்பளி முதலில் உப்பும், அப்புறம் கொழகொழவென்று ஆகும், கொதிக்கக் கொதிக்கக் காணாமலே போய்விடும். பருத்தி நூல் அப்படியே கிடக்கும். கம்பளியில் இருப்பது கெரட்டின் என்ற புரதம். நம் தோலின் மேற்பரப்பிலும் நகத்திலும் முடியிலும் இருப்பது அதே கெரட்டின் வகைதான். இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். பாடம் நடத்தியதைவிட அந்த நூல் காணாமல் போனதுதான் அவர்கள் மனதில் நின்றது.

அடுத்த முறை பட்டால் துடைக்காதீர்கள், கழுவுங்கள். ஓடும் தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்து, குறைந்தது 15 நிமிடம். செறிந்த கரைசல் என்றால் இன்னும் அதிக நேரம். வலி இல்லை என்பதை வைத்து நிறுத்த வேண்டாம். மோதிரம், வாட்ச், நனைந்த துணி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என் மணிக்கட்டில் கரைசல் தெறித்தது. கையை நன்றாகத்தான் கழுவினேன், வாட்ச்சைக் கழற்றவில்லை. தோல் வாருக்கு அடியில் தேங்கியது அங்கேயே தின்றுவிட்டது. வார் அகலத்துக்கு ஒரு தழும்பு இன்றும் இருக்கிறது. உங்கள் விரல் ஆறாமல் வெளுத்தோ கறுத்தோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

காரம் பட்ட இடத்தில் வினிகர் ஊற்றினால் நடுநிலையாகிவிடுமே? தண்ணீரைவிட அது நல்லதல்லவா? – பட்டதாரி மாணவர்

தாளில் எழுதும் சமன்பாட்டுக்கு நல்லது தம்பி, உடம்புக்கு வேண்டாம். நடுநிலையாக்கல் வெப்பம் உமிழும் வினை. வெந்த இடத்திலேயே மறுபடி சூடு வைப்பதாகிவிடும். அதைவிடப் பெரிய கஷ்டம், வினிகர் பாட்டிலைத் தேடும் அந்த ஒரு நிமிடம். தண்ணீர் காரத்தை நீர்க்கவும் செய்யும், அடித்துக்கொண்டும் போகும், சூட்டையும் இழுத்துக்கொள்ளும். மேசையில் கொட்டியதைத் துடைத்தெடுத்த பிறகு, மிச்சத்துக்கு நீர்த்த அசெட்டிக் அமிலம் போட்டு லிட்மஸ் தாளில் பார்க்கலாம். அது மேசைக்கு மட்டும்.

10 மோலார் கரைசல் தயாரிக்கும்போது பீக்கர் கையால் தொட முடியாத அளவு சுட்டது. ஆவியை முகர்ந்ததும் இருமல் வந்தது. நான் என்ன தவறு செய்தேன்? – ஆய்வு மாணவர்

எந்த வரிசையில் கலந்தீர்கள் என்று எழுதவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் பீக்கரில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுதான் தவறு. எப்போதும் தண்ணீர் முதலில், அதுவும் குளிர்ந்த தண்ணீர். அதில் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக.

கணக்கைப் பாருங்கள். 40 கிராம், அதாவது ஒரு மோல், கரையும்போது ஏறத்தாழ 44 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் என்றால் சுமார் 10 டிகிரிதான் ஏறும், பீக்கர் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். 10 மோலார் என்றால் லிட்டருக்கு 10 மோல், அதாவது 400 கிராம். ஒரே தடவையில் கொட்டினால் கொதிநிலையை நெருங்கிவிடும். கலக்காமல் விட்டால் வில்லைகள் அடியில் போய் ஒட்டிக் கட்டியாகும். அந்தக் கட்டியைச் சுற்றி இருக்கும் தண்ணீர் மட்டும் திடீரென்று கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். இருமல் வந்ததற்குக் காரணம் வெறும் நீராவி இல்லை, அதோடு சேர்ந்து மேலே வந்த நுண்ணிய காரத் துளிகள்.

போரோசிலிக்கேட் பீக்கரையோ பாலிபுரொப்பிலீன் பீக்கரையோ ஐஸ் தட்டில் வைத்து, ஆவியை வெளியே இழுத்துவிடும் புகைப்போக்கி அறைக்குள் (ஃப்யூம் ஹுட்) கலக்கிக்கொண்டே செய்யுங்கள். அளவு உருளையிலும் தடித்த கண்ணாடி பாட்டிலிலும் கரைக்கவே கூடாது, சூட்டில் விரிசல் விட்டுவிடும். எடை போட அலுமினியத் தாளை எடுக்காதீர்கள். காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். நைட்ரைல் அல்லது நியோபிரீன் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, பருத்திக் கோட்டு. மேலே சொன்ன இரண்டு நூல்களை நினைத்துக்கொண்டால் கோட்டு ஏன் பருத்தி என்று புரியும்.

கரைசல் பாட்டிலின் கண்ணாடி மூடி திறக்கவே வரவில்லை. – பள்ளி ஆசிரியை

திருகி உடைத்துவிடாதீர்கள் டீச்சர், கையோடு உடையும். காரம் கண்ணாடியை அரித்து சிலிக்கேட் ஆகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கார்பனேட்டும் ஆகிறது. இரண்டும் சேர்ந்து மூடியைச் சிமென்ட் போல ஒட்டிவிடும். இனிமேல் பாலித்தீன் பாட்டில். டைட்ரேஷனில் கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டையும் வேலை முடிந்த உடனே கழுவிவிடுங்கள், அதன் திருகும் இப்படித்தான் இறுகும்.

எங்கள் ஆய்வகத்தில் கண் கழுவும் சாதனம் இல்லை. கண்ணில் காரம் பட்டால் என்ன செய்வது? – ஆய்வக உதவியாளர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் ஒரு வில்லை சிந்தியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தைக் குடித்து அந்த ஈரத்திலேயே கரைந்துவிடும் பொருள். ஒரு வகுப்பு முடிவதற்குள் வில்லை போய் அங்கே ஒரு சொட்டுதான் இருந்தது. பார்த்தால் தண்ணீர். அடுத்து வந்த மாணவர் அதை விரலால் வழித்துவிட்டார், அப்புறம் வியர்த்த கண்ணைத் தேய்த்தார். குழாயில் அரை மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்வை போகாமல் தப்பியது. ஆனால் அந்த அரை மணி நேரமும் அவர் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கண்ணுக்குள் காரம் விழிவெண்படலத்தை (கண்ணின் முன்பக்கத்தில் ஒளி புகும் கார்னியா) தாண்டி உள்ளே போக நிமிடங்கள் போதும். உடனே கழுவ வேண்டும். இமையை இரு விரலால் விரித்துப் பிடித்து, மிதமான தண்ணீர், குறைந்தது 20 நிமிடம். கண்ணை உருட்டச் சொல்லுங்கள், இமைக்கு அடியிலும் தண்ணீர் போகட்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்கலாம், அதற்காகக் கழுவுவதைத் தள்ளிப்போட வேண்டாம். நன்றாகக் கழுவிய பிறகு, கண் தெளிவாகத் தெரிந்தாலும், நேரே மருத்துவமனை. என்ன கரைசல், என்ன செறிவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

சாதனம் வரும்வரை, வேலை செய்யும் மேசைக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு மென்மையான ரப்பர் குழாயை மாட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து, துரு போகும்வரை தண்ணீரை விட்டுப் பாருங்கள். அதுவரை தனியாக யாரையும் காரத்தோடு வேலை செய்ய விடாதீர்கள். கண்ணில் பட்டவருக்குத் தன் இமையைத் தானே திறக்க வராது, பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் இடத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஒருவர் கையைப் பிடித்து உங்களைக் குழாய்வரை கூட்டிப் போகட்டும். 10 வினாடிக்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் கால் இடித்த ஸ்டூலையும் பையையும் அன்றே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள்.