டிசம்பர் 4: எரிந்த கேசினோ, மெம்பிஸ் பியானோ – கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒன்று. ராக் வரலாற்றில் டிசம்பர் 4 அன்று நடந்ததை மட்டும் கேளுங்கள். தேதி என்றால் சம்பவம் நடந்த ஊரின் தேதி. ஒரு விஷயம் நடந்த நாள் வேறு, அதைப் பற்றிய பாட்டு பதிவான நாள் வேறு, இசைத்தட்டு கடைக்கு வந்த நாள் வேறு. "வரலாற்றில் இன்று" பட்டியல்கள் இந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடும்.

கே: டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டு 1971 டிசம்பர் 4 அன்று பதிவானதாமே?

ப: பார்த்தீர்களா, முதல் கேள்வியே. அன்று கட்டடம் எரிந்தது. பாட்டு அப்புறம்தான்.

ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள ஊர் மான்ட்ரூ. அங்கே கேசினோவில் ஃபிராங்க் ஸாப்பாவின் 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவின் கச்சேரி. அது முடிந்ததும் அதே கட்டடத்தில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய டீப் பர்ப்பிள் வந்து இறங்கியிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு லாரியையும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

'கிங் காங்' உருப்படியில் ஸாப்பா குழுவின் டான் பிரெஸ்டன் சின்தசைசர் வாசித்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் எவனோ ஃபிளேர் துப்பாக்கியை (சமிக்ஞைக்கு நெருப்பொளி விடும் துப்பாக்கி) மேலே பார்த்துச் சுட்டான். கூரை பற்றிக்கொண்டது. அன்றைய நாடா இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஸாப்பா முதலில் கிண்டலாக ஆர்தர் பிரவுன் பெயரைச் சொல்கிறார் (தலையில் நெருப்பு எரியப் பாடிய ஆசாமி). அடுத்த நிமிடமே, பதற்றமில்லாத குரலில், எல்லோரும் நிதானமாக வாசலுக்குப் போகச் சொல்கிறார். மான்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்திய க்ளோட் நோப்ஸ் உள்ளேயும் வெளியேயும் ஓடிப் பிள்ளைகளை இழுத்து வந்தார். பாட்டில் வரும் க்ளோட் இவர்தான். உயிர்ச்சேதம் இல்லை, ஸாப்பா குழுவின் கருவிகள் மொத்தமும் சாம்பல்.

ஏரிமேல் புகை படர்வதை டீப் பர்ப்பிள் ஆட்கள் ஹோட்டலில் இருந்து பார்த்தார்கள். சில நாள் கழித்து பாஸ் வாசிக்கும் ரோஜர் க்ளோவர் தூங்கி எழும்போது அந்தத் தலைப்பு வாயில் இருந்தது. அதற்குள் மெட்டு 'பவிலியன்' அரங்கில் பதிவாகிவிட்டது. சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் சொல்ல, போலீஸ் வந்து கதவைத் தட்ட, உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். மீதி ஆல்பம், குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில், மெத்தைகளைத் தடுப்பாக வைத்து. அந்த ஆல்பம்தான் 'மெஷின் ஹெட்', 1972 மார்ச்சில் வெளியானது.

கே: தீயில் எத்தனை பேர் இறந்தார்கள்?

ப: மேலே இருக்கிறது. யாருமில்லை.

கே: ஜான் லெனன் சுடப்பட்டது இன்றுதானே?

ப: 1980 டிசம்பர் 8. நியூயார்க்கில் அப்போது இரவு பதினொன்றை நெருங்கும் நேரம். இந்தியாவில் 9ஆம் தேதி காலை. ஊர்த் தேதி என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

கே: அண்ணா, கிட்டார் பழகுகிறேன். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) வாசித்தால் அதே மாதிரி வரவில்லை.

ப: தம்பி, பிக்கை (தந்தியை மீட்டும் வில்லை) கீழே வை. முதலில் செய்ய வேண்டியது அதுதான். டி, ஜி தந்திகள் இரண்டையும் விரலால் ஒரே சமயத்தில் சுண்டு. 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0 (கழுத்திலுள்ள கட்டங்களின் எண்கள், 0 என்றால் அழுத்தாத தந்தி). எல்லாரும் பவர் கார்டாகப் போட்டுத் தேய்க்கிறார்கள். அது ஐந்தாம் சுர இடைவெளி. டீப் பர்ப்பிளின் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் வாசித்தது நான்காம் இடைவெளி. அடியில் ஜான் லார்டின் ஆர்கனும் அதையே வாசிக்கிறது, அதையும் கவனி. தனிக் கிட்டாரில் அந்தக் கனம் வராது, உன் தப்பு இல்லை.

கே: தமிழ்ப் பாட்டில் இந்த ரிஃப்பை யார் யார் சுட்டார்கள்?

ப: அது வேறு கடை.

கே: ஸாப்பா இறந்ததும் டிசம்பர் 4 என்கிறார்களே, கேசினோ சாபமா?

ப: 1993, புராஸ்டேட் புற்றுநோய், வயது 52. தேதி ஒத்துப்போனது, அவ்வளவுதான். கேசினோ எரிந்த ஆறாம் நாளே லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் அவரை மேடையிலிருந்து தள்ளிவிட்டு, அவர் மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தார். அதை 'டிசம்பர் 10 சாபம்' என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: பிளாக்மோருக்குப் பின் டீப் பர்ப்பிளில் வாசித்த டாமி போலின் மயாமியில் இறந்தது 1976 டிசம்பர் 4. வயது 25, காரணம் போதைப்பொருள். சாபம் இல்லை.

கே: லெட் செப்பலின்?

ப: 1980. அந்த ராக் குழுவின் டிரம்மர் ஜான் பானம் செப்டம்பரில் இறந்தார். இனிப் பழையபடி தொடர முடியாது என்று டிசம்பர் 4 அன்று அறிக்கை விட்டார்கள்.

கே: எல்விஸ், ஜானி கேஷ், கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் நால்வரும் பியானோவைச் சுற்றி நிற்கும் படம்?

ப: 1956, மெம்பிஸ், சன் ஸ்டூடியோ. அன்று பதிவு பெர்கின்ஸுடையது. பியானோவுக்குக் கூப்பிட்டிருந்த லூயிஸை அப்போது வெளியில் யாருக்கும் தெரியாது. எல்விஸ் சும்மா எட்டிப்பார்த்தார். முதலாளி சாம் பிலிப்ஸ் பத்திரிகைக்குப் போன் போட்டார். ஒலிப்பதிவாளர் ஜாக் கிளெமென்ட் நாடாவை ஓடவிட்டார். நிறைய தேவாலயப் பாட்டுகள். எல்விஸின் 'டோண்ட் பி க்ரூயல்' பாட்டை லாஸ் வேகாஸில் ஒருவர் எல்விஸைவிட நன்றாகப் பாடியதாகச் சொல்லி, எல்விஸே அவரைப் போலப் பாடிக்காட்டுகிறார். அந்த ஒருவர் ஜாக்கி வில்சன். கேஷின் குரல்தான் நாடாவில் தெளிவாகக் கேட்கவில்லை.

கே: தவறு. கேஷ் கடைசிவரை இருந்தார், சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

ப: எழுதியிருக்கிறார். முதலில் வந்தவனும் கடைசியில் போனவனும் நான்தான், மைக்கிலிருந்து தள்ளி நின்று எல்விஸின் சுருதிக்காக மேலே ஏறிப் பாடினேன் என்று. நான் 'இல்லை' என்று சொல்லவில்லை, 'கேட்கவில்லை' என்றேன்.

கே: ஹெட்ஃபோனில் கேளுங்கள். பின்னால் ஒரு குரல் இருக்கிறது.

ப: இருக்கிறது. அந்த அறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அது கேஷ்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கே: அப்படியானால் படத்துக்கு நின்றுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார் என்று எழுதினார்களே, அதை மட்டும் நம்புவீர்களா?

ப: அதையும் நம்பவில்லை ஐயா. அந்தப் பாறை மாதிரி அடிக்குரல் கேஷை வேறு யார் குரலோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஆனால் மேலே ஏறிப் பாடினேன் என்று அவரே சொல்லிவிட்டதால் அந்த அடையாளமும் போச்சு. படத்தில் இருக்கிறார். நாடாவில் இருக்கிறார் என்று நான் எழுதித்தர மாட்டேன். நாளை பேசுவோம்.

கே: லெனன் இன்றுதானே...

ப: எட்டு.