கடைப் பையனா, பேட்டரியா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். பில் போட, புதுச்சேரியில் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். இரவெல்லாம் கரன்ட் இல்லாத ஒரு நாளுக்கு மறுநாள் காலை, நெட்டும் இல்லை. ஒன்பது பில்களில் 1.1.2019 என்று தேதி விழுந்துவிட்டது. கடைப் பையன் தேதியை மாற்றியிருப்பானோ என்று சந்தேகம். கடிகாரத்தை யாராவது மாற்றினால் விண்டோஸே எழுதி வைக்க வேண்டாமா?

பதில்: முதலில், பையனிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். தேதியில் தில்லுமுல்லு செய்ய நினைப்பவர் ஒரு வாரம், ஒரு மாதம் பின்னால் போவார். ஜனவரி 1, அதுவும் பல வருஷத்துக்கு முந்தையது என்றால், மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சிஆர் 2032 என்று கேளுங்கள். 3 வோல்ட், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, அரை மணி கழித்துப் போட்டு, தேதி நிற்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டாமா என்றால், கட்டாயம் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாப் பதிவும் அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் நிற்கிறது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் பதிவு இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் சட்டமே இருக்கிறது. கீழே கடிகாரம் சத்தமில்லாமல் நகர்ந்தால் அந்தப் பதிவின் தேதிக்கு என்ன மதிப்பு?

விண்டோஸ் பாதி வேலையைச் செய்கிறது. விண்டோஸில் நடப்பவை பதிவாகும் ஈவன்ட் வியூவரில், செக்யூரிட்டி பகுதியில் 4616 என்ற எண்ணைத் தேடுங்கள். பழைய நேரம், புதிய நேரம், எந்தக் கணக்கிலிருந்து, எந்த புரோகிராம் மாற்றியது எல்லாம் இருக்கும். 'லோக்கல் சர்வீஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் தானாகச் சரிசெய்தது, பயப்படாதீர்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது பேட்டரி போனாலோ, பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போய் ஒருவர் தேதியை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் பார்ப்பதில்லை. அப்போது சிஸ்டம் பகுதியில் 'கெர்னல்-ஜெனரல்' 12-ஆம் எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் எழுந்தது என்று சொல்லும். அந்த வரியில் இருப்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம் வரும். எழும்போதே 2019 என்று இருந்தால், தவறு விண்டோஸுக்குக் கீழே நடந்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. தேதி பின்னால் போனாலும் அந்த எண் முன்னால்தான் போகும். உங்கள் பில் நம்பரும் அப்படித்தான். அந்த ஒன்பது பில்லும் உண்மையில் எந்த நாள் போட்டவை என்று ஆடிட்டரிடம் காட்ட இது போதும். பழைய பதிவுகள் நாளாக நாளாக அழியும், இன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

பேட்டரியா, பயாஸில் வைத்த கையா என்பதை மட்டும் இந்தப் பதிவு பிரித்துச் சொல்லாது. கடைசியாக அணைத்த நேரம் விண்டோஸுக்குத் தெரியும். எழும்போது கடிகாரம் அதற்குப் பின்னால் இருந்தால் திரையிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது என் கருத்து. விண்டோஸுக்கு மாற்றான பல லினக்ஸ் இயங்குதளங்களில் கடைசி நேரத்தைக் குறித்து வைத்து, கடிகாரம் அதற்கும் பின்னால் இருந்தால் முன்னால் தள்ளும் வசதி இருக்கிறது. கடைக்காரருக்கு அதுவே பெரிய உதவி.

இப்போதைக்கு பேட்டரியை மாற்றுங்கள். பையனுக்கு அட்மின் அல்லாத சாதாரண கணக்கு கொடுங்கள். அதில் நேரத்தை மாற்ற முடியாது. பயாஸுக்கு பாஸ்வேர்ட் வையுங்கள். பேட்டரி மாற்றிய பிறகும் தேதி நழுவினால் பழுது மதர்போர்டில் இருக்கலாம். வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு, விற்ற கடைக்குப் போங்கள், அவர்கள் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.