ஸ்கான் மருந்து நுரையீரலை அடைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ பரிசோதனையில் நுரையீரல் நாடியின் அழுத்தம் கூடியிருப்பதாகக் கண்டு, கொன்ட்ராஸ்ட் மருந்து (குருதிக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து) ஏற்றி சீ.ரி. ஸ்கான் எடுக்கச் சொல்லியுள்ளார்கள். அந்த மருந்து நுரையீரலை அடைத்துவிடும் என்று அயலவர் சொன்னதால் அம்மா மறுக்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எடுக்கலாம். அடைத்துவிடும் என்பது சரியன்று. அது முற்றாகக் கரைந்த திரவம், அதில் துகள்கள் இல்லை. ஆயினும் அயலவரின் அச்சம் அடியோடு ஆதாரமற்றதென்று நான் சொல்லமாட்டேன்.

கை நாளத்தில் ஏற்றப்படும் மருந்து இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து முதலில் நுரையீரலுக்கே செல்கிறது. குருதியைவிடச் செறிவு கூடிய அந்த அயடின் கரைசல், உப்பிட்ட மீனிலிருந்து நீர் கசிவதைப் போல, சுற்றியுள்ள இழையங்களிலிருந்தும் செங்குழியங்களிலிருந்தும் நீரை இழுத்துக்கொள்கிறது. இதனால் குழாய்களுக்குள் ஓடும் குருதியின் அளவு சிறிது நேரம் கூடுவதோடு, நீரிழந்து விறைத்த செங்குழியங்கள் மயிர்த்துளைக் குழாய்களில் வளைந்து செல்லவும் சிரமப்படுவதால், நுரையீரல் நாடியின் அழுத்தம் சற்று நேரம் உயரக்கூடும். முற்காலத்து மருந்துகள் குருதியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு செறிவானவை. அவற்றை வடிகுழாய் மூலம் நுரையீரல் நாடிக்குள்ளேயே பாய்ச்சிய நாட்களில், அழுத்தம் மிகக் கூடியிருந்த நோயாளர் சிலர் இறந்ததும் உண்டு. இன்றைய மருந்துகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு செறிவுடையவை. அவற்றுள் அயோடிக்சனோல் என்ற மருந்து செறிவில் குருதிக்குச் சமமானது. ஸ்கானுக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கை நாளத்தின் வழியே ஏற்றினால் போதும். சிறுநீரகம் நன்றாக இயங்கினால் ஒரு நாளுக்குள் அதன் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

அம்மாவுக்குக் கால் வீக்கமோ, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். வலது இதயம் ஏற்கெனவே களைத்திருந்தால் மருந்தின் அளவையும் வேகத்தையும் குறைப்பார்கள். ஆஸ்துமா, முன்னைய ஒவ்வாமை, சிறுநீரக நோய், நீரிழிவுக்கு எடுக்கும் மெற்போமின் குளிசை ஆகியவற்றையும் மறைக்க வேண்டாம். மருந்து ஏறும்போது உடல் சூடாவதும் சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றுவதும் இயல்பே. அரிப்போ மூச்சு முட்டுதலோ வந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும்.

அழுத்தம் கூடியதற்கு நுரையீரல் நாடியில் உள்ள நாட்பட்ட குருதிக்கட்டி காரணமாக இருக்கலாம் என்பதாலேயே இந்த ஸ்கானைத் தள்ளிப்போடக் கூடாதென்கிறேன். அத்தகைய கட்டியைப் பலருக்குச் சத்திரசிகிச்சையால் அகற்ற முடியும். எக்கோ அறிக்கையையும் கிளினிக் கொப்பியையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.