சினிமாவில் பார்த்த இயந்திரக் கை நிஜத்தில் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் கை இழந்த நாயகன் லூக்குக்கு இயந்திரக் கை பொருத்துவார்களே, அவன் பெயரிலேயே அமெரிக்காவில் 'லூக் கை' இருக்கிறது. ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பாவின் பணத்தில் கண்டுபிடிப்பாளர் டீன் கேமனின் குழு அதைச் செய்தது. 2014-இல் அதை விற்க அரசு அனுமதி கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், கையை ஆட்டுவதற்குக் காலையே பயன்படுத்தலாம்! ஷூவில் மாட்டிய சென்சார், பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் கையை நகர்த்தும். மிச்சமிருக்கும் தசையின் மின் சமிக்ஞையாலும் இயக்கலாம். சோதனையில் சாவி போட்டுப் பூட்டைத் திறந்தார்கள், ஜிப் இழுத்தார்கள், தலை வாரினார்கள்.

படத்தில் ஊசி குத்தியதும் விரல் துள்ளும். அந்தத் தொடு உணர்வுதான் கஷ்டமான வேலை. உட்டா பல்கலைக்கழகத்தில் நரம்பில் மின்முனைகளைப் பதித்து அதையும் ஓரளவு கொண்டுவந்துவிட்டார்கள். முட்டையை உடைக்காமல் எடுக்க முடிந்தது.